மஞ்சள் காரும் ஒரே ஒரு பார்க்கிங்கும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் கார் பற்றி எழுதப்போகிறேன். "மாமாவுக்கு ஏன் இந்த வேலை?" என்று எங்கள் வீட்டு மருமகப்பிள்ளைகள் சிரிப்பது கேட்கிறது. என்னிடம் கார் கிடையாது. ஸ்கூட்டரையும் முழங்கால் வலி வந்தபிறகு விற்றுவிட்டேன். ஆனால் 34 வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவன். வேகம், முடுக்கம், உராய்வு என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதுவும் கேள்வி ஒரு பழைய மாணவனிடமிருந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

1996-ல் பிளஸ் டூ முடித்தவன் அவன். அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். அவன் செட்காரர்கள் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். தயவுசெய்து கீழே பெயரைப் போட்டு அவனை மாட்டிவிடாதீர்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு போன் செய்தான். "சார், ஒரு கார் பாத்திருக்கேன். இத்தாலி வண்டி. ரெண்டே சீட். ஆறு வருஷம் ஓடினது, டெல்லி ரிஜிஸ்ட்ரேஷன். தினமும் ஓட்ட முடியுமா, முடியாதா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"தினமும் எதுக்குடா? ஆசைக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கோயேன்" என்றேன்.

"இடம் இல்லையே சார். அபார்ட்மென்ட்ல ஒரே ஒரு பார்க்கிங். இத வாங்கினா பழைய வண்டிய வித்துடணும்."

கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பணம் அவனிடம் இருக்கிறது. இருபது வருஷம் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்தது, யாரும் குறை சொல்ல முடியாது. விலையை எழுதப்போவதில்லை. ரங்கராஜபுரம் பக்கம் அந்த விலைக்கு ஒரு நல்ல ஃப்ளாட் வரும், அவ்வளவுதான் சொல்வேன். ஆனால் கோடம்பாக்கத்தில் பணத்தைவிட அரிதான பொருள் ஒன்று உண்டு. அது இரண்டாவது பார்க்கிங். அதனால் அவனுக்கு அது ஆசைக் காராக மட்டும் இருக்க முடியாது. வீட்டின் ஒரே காராகவும் அதுவே இருக்க வேண்டும்.

அவன் அப்பாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். சினிமா கம்பெனியில் டிரைவராக இருந்தவர். பள்ளிக்கூட வாசலில் மகனை இறக்கிவிட்டு, தோளில் இருக்கும் மஞ்சள் துணியால் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் கிளம்புவார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வண்டி. சொந்தமாக ஒரு கார் வாங்கவில்லை. இப்போது 78 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பு எலும்பில் ஆபரேஷன். வாரம் இரண்டு நாள் வடபழனிக்கு பிசியோதெரபிக்குப் போய் வருகிறார். கூட மருமகள், எட்டாவது படிக்கும் பேத்தி. ஆக வீட்டில் நாலு பேர், காரில் இரண்டு சீட். கணக்கு வாத்தியாராக இருந்தால் இங்கேயே பதிவை முடித்திருப்பார். நான் இயற்பியல் ஆயிற்றே, கொஞ்சம் ஆராய்ந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்தக் காருக்கு நியாயமாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "இந்த மாதிரி வண்டியெல்லாம் ஷோவுக்குத்தான், பத்து நாள் ஓட்டினால் பதினோராவது நாள் வொர்க்‌ஷாப்பில் நிற்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. அது பழைய கதை. 1990-ல் ஹோண்டா கம்பெனி என்.எஸ்.எக்ஸ். என்று ஒரு கார் கொண்டுவந்தது. அலுமினிய உடம்பு, நடுவில் என்ஜின், இத்தாலிக்காரர்களுக்குச் சவால் விடும் வேகம். ஆனால் சாவி போட்டால் சாதாரண ஹோண்டா மாதிரி கிளம்பும், ஓட்டுகிறவருக்கு வெளியே நன்றாகத் தெரியும், ஏ.சி. ஒழுங்காக வேலை செய்யும். உலகத்தின் மிக வேகமான கார்களில் ஒன்றான மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரி, அந்த ஹோண்டாவைத்தான் தனக்கு ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டார். வேகமான காரும் தினசரிக் காராக இருக்கலாம் என்பதை அந்த ஹோண்டா உலகத்துக்குக் காட்டிவிட்டது. அதன்பிறகு மற்றவர்களும் மாறத்தான் வேண்டியிருந்தது.

இருபது வருஷத்துக்கு முந்தைய இத்தாலி வண்டிகளில் கிளட்ச் பெரிய தலைவலி. ஒற்றைக் கிளட்சை மோட்டார் வைத்து இயக்குவார்கள். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் அது தேய்ந்து, சீக்கிரமே மாற்ற வேண்டிவரும். அதற்குப் பிறகு இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் வந்துவிட்டது. என் மாணவன் பார்த்த வண்டியும் அந்த வகைதான். சூட்டைத் தணிக்கப் பெரிய விசிறிகள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் நம் நாட்டிலேயே 100 ஆக்டேன் பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் நெரிசலில் கிடைக்கும். ஆனால் அந்தக் காரை வாங்குகிறவன் மைலேஜ் கேட்கமாட்டான். எனவே இயந்திரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், "முடியும்" என்பதுதான் பதில்.

பிரச்சினை காருக்கு வெளியே இருக்கிறது.

ஸ்பீட் பிரேக்கரில் ஆரம்பிக்கிறேன். இதற்கு இந்திய சாலைக் காங்கிரஸ் ஒரு அளவு வகுத்து வைத்திருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், சாலை நீளத்தில் அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். அதாவது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஒரு சின்ன மேடு. பிளஸ் டூவில் வட்டத்தின் வில்லும் நாணும் படித்தோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் 2.6 மீட்டர். கார் மேட்டின் நடுவில் நிற்கும்போது, சக்கரங்கள் இருக்கும் மட்டத்திலிருந்து மேடு எவ்வளவு மேலே எழும்பும்? பாதித் தூரம் 1.3. அதன் வர்க்கம் 1.69. அதை 17-இன் இரண்டு மடங்கால், அதாவது 34-ஆல் வகுத்தால், 0.05 மீட்டர். வெறும் ஐந்து சென்டிமீட்டர். இந்தக் கார்களின் அடிவயிறு தரையிலிருந்து 11, 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஆக, விதிப்படி கட்டிய மேட்டில் மெதுவாகப் போனால் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒன்றும் ஆகாது.

இப்போது அவன் தெருவுக்கு வாருங்கள். அங்கே இருப்பது தெருக்காரர்களே கொத்தனாரை வைத்துப் போட்டது. நான் ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். (வாட்ச்மேன் என்னைக் கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து எழுந்து நின்றார்.) உயரம் 15 சென்டிமீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர். முன் சக்கரம் தாண்டியதும் மொத்த மேடும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வந்துவிடும். 15-க்கு முன்னால் 12 என்ன செய்யும்? தேய்க்கும். அதற்கு முன்பே, சக்கரத்துக்கு ஒரு மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இடிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் மூக்கு மட்டும் சில சென்டிமீட்டர் மேலே எழும்பும் வசதி பல கார்களில் இருக்கிறது. ஆனால் வயிற்றுக்கு அந்த வசதி இல்லை. காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் நிற்கும் தண்ணீர் லாரிக்காரர் அதுவரை பஜனை பாடிக்கொண்டா இருப்பார்?

மேட்டைச் சின்னதாக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் அந்த வளைவில் ஒரு குழந்தை மேல் பைக் ஏறிவிட்டது. அதன் பிறகுதான் தெருக்காரர்கள் காசு போட்டு அந்த மேட்டைக் கட்டினார்கள். முறைப்படி இல்லைதான். ஆனால் ஒரு காருக்காக அதை உடைக்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவனுக்கும் எழவில்லை.

அடுத்தது அகலம். மாருதி 800-இன் அகலம் 1.44 மீட்டர். இந்தக் கார் 1.9 மீட்டருக்கும் மேல், கண்ணாடிகளைச் சேர்க்காமலே. ஆற்காடு ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்துச் சாலையைச் சுருக்கி வைத்திருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த இடுக்கில் ஷேர் ஆட்டோ, 12பி பஸ், பூக்கூடை வைத்த சைக்கிள் எல்லாம் போக வேண்டும். நடுவில் ஓட்டுகிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பஸ் வந்து நின்றால் அவர் கண்ணுக்குத் தெரிவது பஸ்ஸின் டயர் நட்டு மட்டும்தான்.

மூன்றாவது வேகம். மூன்று விநாடியில் நூறைத் தொடும் கார் அது. முடுக்கம் கணக்குப் போட்டால் விநாடிக்கு விநாடி 9.26 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை நெருங்குகிறது. கல் கீழே விழுகிற வேகத்தில் கார் முன்னே பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறைத் தொட அதற்கு 42 மீட்டர் சாலை போதும். ஆனால் 2023 நவம்பரிலிருந்து சென்னையில் கார்களுக்கு வேக வரம்பு 60, குடியிருப்புத் தெருக்களில் 30. அறுபதைத் தொட இந்தக் காருக்கு இரண்டு விநாடிகூட வேண்டாம். இரண்டாவது விநாடி முடிவதற்குள் சட்டம் அனுமதிக்கும் எல்லை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த என்ஜினுக்குச் செய்ய வேலை இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததே, நினைவிருக்கிறதா? நம் ஊர்ச் சாலையிலேயே வேகமாக ஓட்டினார்கள். அதற்கு என்னென்ன செய்தார்கள் என்று பாருங்கள். சுமார் 3.5 கிலோமீட்டர் சாலையைச் சீர்செய்தார்கள். இரு பக்கமும் தடுப்பு, கம்பி வலை. போக்குவரத்தை முழுக்கத் திருப்பிவிட்டார்கள். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு வந்து பார்த்துச் சான்று தந்த பிறகுதான் கார் ஓடியது. ஒரு மாநகரம் தன் சாலையை இரண்டு நாளுக்கு இப்படி மாற்றிக்கொண்டால்தான் அந்த வேகத்துக்கு இடம் கிடைக்கிறது. மூன்றாவது நாள் அதே சாலையில் பஸ் போக வேண்டும்.

வேகத்தை நிஜமாக நேசிக்கிறவர்களுக்கு இது தெரியும். நடிகர் அஜித்குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடம்பாக்கம் தந்த பெரிய நட்சத்திரம். 2024-ல் அவர் ஃபெராரி வாங்கியதைப் பத்திரிகையெல்லாம் எழுதின. ஆனால் வேகமாக ஓட்ட அவர் போவது பந்தயத் தளத்துக்கு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அவர் அணி 991 பிரிவில் மூன்றாம் இடம் வாங்கியது. கோயம்புத்தூரிலிருந்து போய் 2005-ல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கதையும் அப்படித்தான். நமக்கு அருகில் சோழவரம் இருந்தது. யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். இப்போது இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. வேகத்துக்கு என்று ஓர் இடம், வீட்டுக்கு என்று ஓர் இடம்.

டெண்டுல்கர் கதை எல்லோருக்கும் தெரியும். பிராட்மேனின் 29 சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-ல் ஃபெராரி 360 மொடீனா பரிசாக வந்தது, ஷூமாக்கர் கையால். ஒரு கோடிக்கு மேல் சுங்க வரி. அதை அரசு தள்ளுபடி செய்ய, ஊரெல்லாம் சத்தம். கடைசியில் பரிசு தந்த கம்பெனியே வரியைக் கட்டியது. 2011-ல் அந்த கார் சூரத் வியாபாரி ஒருவர் கைக்குப் போய்விட்டது. இலவசமாக வந்த குதிரைக்கும் கொள்ளு நாம்தான் வாங்க வேண்டும். நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார் என்றால் சாலை வரி மட்டும் 20 சதவீதம். வெளி மாநிலத்திலிருந்து வரும் பழைய வண்டிக்கும் வயதைப் பொறுத்து இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். விற்கிறவர்கள் இதைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

இதையெல்லாம் நான் அவனிடம் சொன்னபோது, "சார், ஒரு தடவை உக்காந்து பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றான். விற்கிறவரிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டியைக் கொண்டுவந்தான். மேடு இருக்கும் தெருவுக்குள் விடவில்லை, மெயின் ரோட்டிலேயே நிறுத்தினான். நான் உள்ளே போனேன் என்று சொல்வதைவிட இறங்கினேன் என்று சொல்வதுதான் சரி. கிணற்றில் இறங்குவது மாதிரிதான் இருந்தது.

பவர்ஹவுஸ் தாண்டி, கோடம்பாக்கம் பாலம் ஏறி, ஜெமினி போய், அங்கிருந்து அண்ணா சாலையில் சைதாப்பேட்டை, கிண்டி, கத்திப்பாரா. காலை நேரம், சாலை காலி. அவன் விதி மீறவில்லை. அறுபதிலேயே போனான். ஆனாலும் உண்மையை எழுதுகிறேன்: ஒவ்வொரு சிக்னலில் கிளம்பும்போதும் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அமுக்கியது போல இருந்தது. நியூட்டனின் இரண்டாம் விதியை 34 வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை முதுகில் வாங்கினேன். என் முகத்தில் சிரிப்பு போகவே இல்லை என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும். இந்த ஆசையை அற்பம் என்று சொல்ல நான் தயாரில்லை.

திரும்பி வரும்போது மணி எட்டே முக்கால். அசோக் பில்லர், வடபழனி, ஆற்காடு ரோடு. நெரிசல் ஆரம்பித்துவிட்டது. வடபழனி சிக்னலில் பைக்கில் வந்த இரண்டு பையன்கள் போனை நீட்டிப் படம் எடுத்தபடியே கூட வந்தார்கள். ஒருவன் சாலையைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம் ஒரு ஆட்டோ ஒரு விரல் இடைவெளியில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் மாணவன் மூச்சை இழுத்துப் பிடித்தான். டயர் அகலம், ஆனால் ரப்பர் சுவர் இரண்டு விரல்கூட இல்லை. பள்ளத்தில் அடித்தால் பக்கவாட்டில் புடைத்துவிடும். ஸ்டெப்னியும் கிடையாது. போகும்போது அவன் முகத்தில் இருந்த பதினேழு வயசு, வரும்போது காணோம். ஏ.சி. காற்றில் அவனுக்கு வேர்த்தது.

வீட்டு வாசலில் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரு முனை வரை மெதுவாக நடந்து வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிய முடியாது, அதனால் கையால் தடவித் தடவிப் பார்த்தார். பானெட்டில் கை வைத்து, "என்ஜின் பின்னாடியா? அப்ப பெட்டி எங்க வைப்பீங்க?" என்றார். முன்னால் இருந்த சின்ன அறையைக் காட்டியதும், "ஒரு மேக்கப் பெட்டி வைக்கலாம்" என்றார். டிரைவர் புத்தி.

உட்கார ஆசைப்பட்டார். உட்கார்ந்தும் விட்டார். இரண்டு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பேசவில்லை. பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இருந்தால் எழுவதற்குத் தொடைத் தசைதான் முழு எடையையும் தூக்க வேண்டும். 78 வயதில், அதுவும் ஆபரேஷன் ஆன இடுப்பில், அது நடக்கிற காரியமா? மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இஸ்திரி போடுகிறவர் ஓடிவந்து ஒரு கை. தூக்கி நிறுத்தினோம். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகனிடம் சொன்னார்:

"வாங்கிக்கடா. நான் ஆட்டோல போய்க்கிறேன். வாரத்துக்கு ரெண்டு நாள்தானே?"

பிறகு என் பக்கம் திரும்பி, "சார், இவன் சின்ன வயசுல கம்பெனி வண்டியில கை வச்சா, தொடாதடான்னு நானே அடிச்சிருக்கேன். நம்ம வண்டி இல்லையேன்னு. இப்ப அவன் வண்டியில அவன் கை வைக்கட்டும்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. இவ்வளவு நேரம் நான் போட்ட சென்டிமீட்டர் கணக்கெல்லாம் அந்த இடத்தில் செல்லாது. அவன் எதற்காக அந்தக் காரைத் தேடினான் என்பதும், அப்பா எதற்காக வாங்கச் சொன்னார் என்பதும் ஒரே காரணம்தான்.

அப்போது மருமகள் பேசினாள். சத்தம் போட்டுப் பேசும் பெண் இல்லை. "சார், மிக்ஜாம் புயல் அன்னிக்கு ராத்திரி மாமாவ எதுல கூட்டிட்டுப் போனோம்னு மட்டும் இவர கேளுங்க."

2023 டிசம்பர் 3 இரவு. பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் தெரு முனை வரைதான் வர முடியும் என்றார்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் முழங்காலுக்கு வந்துவிடும். வீட்டில் இருந்த எட்டு வருஷப் பழைய எஸ்.யூ.வி.யில் பின் சீட்டில் அவரைச் சாய்த்து, மருமகள் தலையைப் பிடித்துக்கொள்ள, பேத்தியைத் தனியாக விட முடியாமல் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, முதல் கியரிலேயே ஓட்டிப் போய்ச் சேர்த்தான். நாலு பேர், நாலு சீட், தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரம். பிழைத்தார்.

தண்ணீரில் தாழ்வான கார் ஏன் நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ஜின் மூச்சுவிடும் வழி தாழ்வாக இருந்தால் காற்றோடு தண்ணீரும் உள்ளே போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் சுவரில் மோதிய மாதிரி நிற்கும். உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளையும், சில சமயம் உடையும். இன்ஷூரன்சில் என்ஜினுக்கென்று தனிப் பாதுகாப்பு சேர்த்து எடுத்திருக்காவிட்டால் பெரும்பாலும் அந்தச் செலவு நம் தலையில்தான். ஆனால் அந்த இரவில் யாருக்கு இன்ஷூரன்ஸ் நினைவு வரும்?

அவள் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. அப்பாவும் பேசவில்லை.

என் முடிவை அன்றைக்கு அங்கேயே சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

தினசரி வண்டி என்றால் தினமும் ஆபீஸ் போகும் வண்டி என்று நினைக்கிறோம். அது பாதிதான். நாம் தேர்ந்தெடுக்காத நாட்களுக்காக நிற்கிற வண்டிதான் தினசரி வண்டி. மழை பெய்யும் நாளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அப்பாவுக்கு மூச்சு திணறும் இரவை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊரில் சாவு என்று போன் வந்தால் நாலு பேரும் ஒரே வண்டியில் கிளம்ப வேண்டும். ஸ்போர்ட்ஸ் காருக்கு நாம் நாளைத் தேர்ந்தெடுக்கிறோம், நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், சாலையைத் தேர்ந்தெடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை, அண்ணா சாலை. அது ஒரு விருந்தாளி. விருந்தாளியைக் கொண்டாடலாம். விருந்தாளியை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

எம்.ஜி.ஆரின் தி.நகர் வீட்டில், இப்போது நினைவில்லம், டி.எம்.எக்ஸ். 4777 என்ற எண்ணுள்ள அம்பாசிடர் காரை வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அவர் நினைத்திருந்தால் எந்தக் காரையும் வைத்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு ஜனங்கள் வரிசையில் நின்று பார்ப்பது, நம் ஊர்ப் பள்ளங்களுக்குத் தாங்கிய, நாலு பேர் ஏறி இறங்க முடிந்த ஒரு அம்பாசிடரை.

என் மாணவன் அந்த மஞ்சள் காரைத் திருப்பி அனுப்பிவிட்டான். ஆசையை விடவில்லை, விடவும் வேண்டாம் என்றேன். பழைய வண்டி பார்க்கிங்கில் அப்படியே இருக்கட்டும். மேடும் தண்ணீரும் இல்லாத இடத்தில் மாத வாடகைக்கு மூடிய பார்க்கிங் ஒன்று தேடு. அது கிடைத்தால் அப்புறம் காரைத் தேடு. முதலில் இடம், பிறகு வண்டி. அதுவரை இருங்காட்டுக்கோட்டையில் பொதுமக்களும் ஓட்டலாம் என்று வைக்கும் நாட்களில் ஒருநாள் போய் ஆசை தீர ஓட்டிவிட்டு வா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ, அங்கே ஸ்பீட் பிரேக்கர் கிடையாது என்றேன். அப்பாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "மஞ்சத் துணி எடுத்துட்டு வரேன்" என்றார்.

இதே மாதிரி ஆசை உள்ள மற்ற பிள்ளைகளுக்கு, பழைய வழக்கப்படி கரும்பலகையில் எழுதிப் போடுவது போல:

1. வாங்கும் முன் உங்கள் தெருவின் மேட்டை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கம்பெனி தரும் தரை உயர அளவோடு ஒப்பிடுங்கள்.

2. வீட்டின் மூத்தவரை ஒருமுறை உட்காரவைத்து எழுப்பிப் பாருங்கள். உட்காருவதைவிட எழுவதுதான் பரீட்சை.

3. ஞாயிறு காலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு ஆற்காடு ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்.

4. போன பெருமழையில் உங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும்.

5. இவ்வளவுக்கும் பிறகு வாங்க முடிந்தால், தாராளமாக வாங்குங்கள். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கட்டும். என்னை ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் மட்டும் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம் வருகிறது, வண்டிகளை மேட்டில் நிறுத்துங்கள்.